வலது பக்கப் பொத்தான்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாதா கோயில் படியில் முட்டி போட்டு, கையில் எரியும் மெழுகுவத்தியோடு சொல்லச் சொன்னாலும் இப்படித்தான் சொல்ல முடியும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்கழியில், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த இக்னேஷியஸின் வலது கை வீங்கியது. காலையில் விரல்கள் மடங்காது. தொட்டால் சுடும். மனைவி ஞானகுமாரி ஈரக் கைக்குட்டையை அந்த விரல் முட்டிகளின் மேல் போட்டு எடுத்தால் இஸ்திரி போட்டது போல வரும். எதிர்வீட்டுத் துலுக்கானம் ஒருநாள் தீப்பெட்டி இல்லாமல் வந்து, அந்தக் கையிலேயே பீடி பற்ற வைத்துக்கொண்டு போனார்.

"ஜுரம் இல்ல, கை மட்டும் கொதிக்குது. டாக்டராண்ட போலாங்க," என்றாள் ஞானகுமாரி.

பூந்தமல்லியில் டாக்டர் ஜமீலா விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"கிருமி உள்ள வந்தா செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். சேதி கொண்டுபோற பொருளுக்குப் பேரு சைட்டோகைன். அது போனதும் படை திரண்டு வரும். வீங்கும், சுடும். கிருமி செத்ததும் சேதி நிக்கணும். உங்களுக்குக் கிருமியே இல்ல. சேதி மட்டும் போய்க்கிட்டே இருக்கு."

"வந்த படை இன்னாம்மா பண்ணும்?" என்றான் இக்னேஷியஸ்.

"சும்மா திரும்பாது. மூட்டு எலும்பையே அரிச்சிடும். மாத்திரை வேலை செய்ய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் மிஷின் பக்கம் போகாதீங்க."

இக்னேஷியஸுக்கு நன்றாக விளங்கியது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தீச்சங்கு ஊதினால் பக்கத்துக் கம்பெனியும் ஊத வேண்டும். அதைக் கேட்டு அடுத்தது. போன கோடையில் யாரோ தவறுதலாக ஊதி, எஸ்டேட்டே ஊளையிட்டது. தீ எங்கும் இல்லை. அணைக்க ஓடி வந்தவர்கள் ஊற்றிய தண்ணீரில்தான் மோட்டார்கள் போயின.

விளங்கியும் வேலைக்குப் போனான். விரல் மடங்காதவனைச் சூப்பர்வைசர் ரகுநாதன் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்.

பிரஸ்ஸுக்குப் பொத்தான் இரண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. வலது கட்டைவிரல் அழுத்த மறுத்த அன்று, இக்னேஷியஸ் ஒரு மரச்சில்லைச் செருகி வலது பக்கப் பொத்தானை அமுங்கியபடியே நிறுத்திவிட்டான். இனி இடது கை மட்டும் போதும்.

வேலை போன வலது கை சும்மா இருக்கவில்லை. மார்கழி இரும்பு ஜில்லென்றிருந்தது. கொதிக்கிற கை குளிர்ச்சியைத் தேடி மிஷின் விளிம்புக்குப் போனது. மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. இழுத்து இடுப்பில் வைப்பான். யாரிடமாவது பேசிவிட்டுத் திரும்பினால் மறுபடி அங்கே கிடக்கும், நிழலில் ஒதுங்கிய நாயைப் போல.

"இன்னா அண்ணாத்தே, கை எங்க போவுது?" என்றான் பக்கத்து மிஷின் முனியன்.

"நானாடா அனுப்பிச்சேன்? அங்க சில்லுனு கீதுன்னு அதுவா போவுது."

"தபார், மேல தொங்குறது எமன். சில்ல எடுத்துடு."

"சில்ல எடுத்தா ரகுநாதன் என்னைய எடுத்துடுவான்."

பிறகு இடது கையும் வீங்கியது. சேதி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கும்பிடுவதற்காக இரண்டு கைகளையும் சேர்த்தபோது உள்ளேயிருந்து சங்கு போல ஓர் இரைச்சல் கிளம்பியது. முன் பெஞ்சில் இருந்தவர்கள் கோயிலுக்குள் மாடு புகுந்துவிட்டதென்று திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை, வலது கை அச்சுக்கு நேர் அடியில், குளிர்ந்த இரும்பின் மேல் குப்புறப் படுத்திருந்தது. பல நாளுக்குப் பிறகு இக்னேஷியஸுக்கு வலி இல்லை. ஒரே ஒரு நிமிஷம் கிடக்கட்டும் என்று விட்டுவைத்தான். இடது கை பொத்தான் மேல் இருந்தது.

எங்கோ ஒரு கம்பெனியில் சங்கு ஊதியது. அடுத்ததும் ஊதியது. பிறகு இவர்கள் தலைக்கு மேலேயே அலறியது.

"அண்ணாத்தே, கைய எடு!" என்று முனியன் கத்தினான்.

எங்கும் தீ இல்லை. திடுக்கிட்ட இடது கை பொத்தானை அழுத்தியது.

இதுவும் பொய்யில்லை: இக்னேஷியஸுக்கு வலது கை பிறவியிலேயே கிடையாது.