இடப்பக்கம் சாய்ந்த கீறல்

...இல்லை, ஆறாவது தகடு சும்மா முரண்டு பிடிக்கிறது, அவ்வளவுதான், அதற்குள் ஏன் நெஞ்சு மாவு மெஷின் மாதிரி அடித்துக்கொள்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு, பூட்டுக்காரன் ஸ்டீயரிங்குக்கு அடியில் இன்னும் கொஞ்சம் மடங்கினான். இந்தக் காரைச் செய்தவன் கால் முட்டியே இல்லாத ஜாதியாக இருக்க வேண்டும், முதுகு நாலாக மடிந்து, தலை பிரேக்குக்கும் முழங்காலுக்கும் நடுவில்... சாவி போடும் துளைக்குள் வரிசையாகப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், மடக்குக் கம்பியால் லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டால் 'நான் உயரம், நான் குள்ளம்' என்று அதுவே சொல்லிவிடும், சொன்னதை எண்ணாகக் குறித்துக்கொண்டு அப்படியே சாவி வெட்ட வேண்டியதுதான், ஐந்து தகடு நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டது, ஆறாவது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி வாயே திறக்கவில்லை, சரி உன் மூஞ்சியைப் பார்க்கலாம் என்று லென்ஸை வைத்து விளக்கை அடித்தான்... அடித்தவன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீறல். பளபளவென்று, நேற்றுப் பிறந்த கீறல். இடப்பக்கம் சாய்ந்து, கடைசியில் ஒரு சின்னச் சுழிப்போடு, கையெழுத்துக்கு அடியில் கோடு இழுப்பது போல.

அந்தச் சுழிப்பு உலகத்தில் ஒரே ஒருத்தன் போடுவது. அவனுடைய அண்ணனும் பூட்டுக்காரன்தான், இடதுகைக்காரன், ஊசியை வெளியே எடுக்கும்போது 'வரட்டுமா' என்று சொல்வது போல ஒரு திருப்புத் திருப்புவான், அவன் முறைத்தால் பூட்டு வெட்கப்பட்டுத் தானே திறந்துகொள்ளும், ஒரு தடவை வெறும் தும்மலிலேயே டிக்கி திறந்தது, கேட்டால் ஊரே சாட்சி சொல்லும்... சொல்லியிருக்கும். நாலு வருஷம் முன்னால் பாலத்தின் மேல் அண்ணனின் செருப்பு மட்டும் கிடைத்தது, ஜோடியாக, ஆற்றைப் பார்த்தபடி. வலை போட்டார்கள், படகு விட்டார்கள், ஆறு ஒன்றுமே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அண்ணன் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்ததாகச் சரித்திரமே கிடையாதே, ஒன்று வாசலில் கிடந்தால் இன்னொன்று வேறு தேசத்தில் கிடக்கும்... இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட. அண்ணி இன்று காலையில் காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். பேக்கரிக்காரர் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார், நல்ல மனுஷன், சிரித்தால் பன் மாதிரி கன்னம் உப்பும். “எனக்கு வேற யாரு இருக்காங்க தம்பி, உங்க அண்ணன் இனிமே இல்லன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க, அது போதும், நான் பேக்கரிக்காரருக்குச் சரின்னு சொல்லிடறேன்.” சாயந்தரம் சொல்கிறேன் அண்ணி என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன், இதோ, செத்துப்போனவனின் கையெழுத்துக்கு எதிரே மடங்கிக் கிடக்கிறான்.

“என்னங்க, சத்தத்தையே காணோம், தூங்கிட்டீங்களா?” கார்க்காரி, பல் டாக்டர், கதவோரம் குனிந்து பார்த்தார். “ஓட்டைக்குள்ள லைட்டு அடிச்சு, கொக்கி விட்டு நோண்டி... நான் பண்றதையேதான் நீங்களும் பண்றீங்க. என்ன, உங்க பேஷண்டு கத்தாது.” சாவியை நாய்தான் முழுங்கியிருக்கும் என்பது அவர் கட்சி. “எக்ஸ்ரே எடுத்தோம், வயித்துல ஒரு கம்மல்தான் இருந்துச்சு. அதுவும் என்னோடது இல்ல. அப்புறம் யாரோடதுன்னு நானும் வீட்டுக்காரரும் ரெண்டு நாளா பேசிக்கல.” அவன் சிரித்தான், சிரித்த மாதிரி சத்தம் வந்தது. இப்போது கேட்கலாம். எனக்கு முன்னால் வேறு யாராவது இதில் கை வைத்தார்களா டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி, தொழிலில் முதல் கேள்வியே அதுதான், அதற்கு அவர் ஆமாம் என்றால், இடதுகைக்காரர், ஒல்லியாக, போகும்போது ஏதோ ஜோக் அடித்துவிட்டுப் போனார் என்றால்...

பொறு, பொறு. வலது முழங்கை கதவில் இடிக்கிறது என்று கொஞ்ச நேரம் ஊசியை இடது கைக்கு மாற்றினானே. மாற்றினானா? ஐந்தாவது தகட்டிலா, ஆறாவதிலா? அப்படியானால் அந்தக் கீறல் இவனுடையதேதானே, பத்து நிமிஷம்கூட வயதாகாத கீறல். சுழிப்பு? சாப்பாட்டு நேரத்தில் கரண்டியை இடது கையில் பிடித்து அண்ணன் மாதிரியே செய்து காட்டி அண்ணியைப் புரையேறச் சிரிக்க வைத்தவன்தானே இவன், விளையாட்டு கையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பித்தளையில் புதுக் கீறல் எல்லாமே தங்கம் மாதிரிதான் மின்னும், போன வாரத்துக் கீறலும் இன்றைய கீறலும் இரட்டைப் பிள்ளைகள், பெற்றவளே குழம்புவாள். ஊசி விடுவதற்கு முன் லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் பார், அப்புறம் தொடு, இது பூட்டுத் தொழிலின் அரிச்சுவடி. பார்க்காமல் தொட்டுவிட்டான். இனி லட்சம் லென்ஸ் வைத்தாலும் எது யார் கீறல் என்று அந்தத் தகடு சொல்லாது. மறுபடி ஊசியை விட்டான், ஆறாவது தகடு, என்ன நினைத்ததோ, இப்போது மெதுவாக இறங்கித் தன் உயரத்தைச் சொன்னது, யாரோ முன்பே சமாதானம் பேசி வைத்த மாதிரி.

வேனில் இருந்த மெஷினில் சாவி வெட்டி, பிசிறு தேய்த்துக் கொண்டுவந்து போட்டதும் ஒரே திருப்பில் கார் உயிர் பெற்று, எதிர்வீட்டுக் கூரையில் இருந்த புறாவெல்லாம் அடுத்த ஜில்லாவுக்குப் பறந்தது. “அடேயப்பா! இவ்ளோ சுலபமா?” என்றார் பல் டாக்டர். “வேற ஏதாவது கேக்கணுமா என்கிட்ட? என்னமோ கேக்க வர்ற மாதிரியே நிக்கறீங்களே.” கேட்கணும். நாக்கு நுனியில் நிற்கிறது, பல்லைத் தாண்டினால் போதும். “நாய் இப்ப நல்லா சாப்பிடுதுங்களா?” என்றான். அவர் விழித்தார். “சாப்பிடுது... அதுக்கென்ன.”

வேனில் ஏறிக் கதவைச் சாத்தினான். ஊசியைத் துடைத்துப் பையில் செருகும்போதுதான் அது மெல்ல உறைத்தது. இன்று மட்டுமா? நேற்று அந்த லாரி, அதற்கு முன் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஜீப்... எதில் முதலில் லென்ஸ் வைத்தான்? யார் கை வைத்தது என்று கடைசியாக யாரிடம் கேட்டான்? பாலத்துச் செருப்புக்கு அப்புறம் ஒரு பூட்டையும் அவன் பார்த்துவிட்டுத் தொட்டதில்லை, ஊரில் உள்ள கார் எல்லாவற்றிலும் முதலில் ஊசி, அப்புறம்தான் கண்... அவசரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். எதைப் பார்த்துவிடக் கூடாது என்று? அந்தச் சுழிப்பு அங்கே இருந்துவிடுமோ என்றா, இல்லாமல் போய்விடுமோ என்றா? சட்டைப்பையில் போன் அடித்தது. அண்ணி. எதிர்வீட்டுக் கூரைக்குப் புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. வலது கை சும்மாதான் மடியில் கிடந்தது, போனை எடுக்க இடது கை தானாக நீண்டது, எடுத்த பிறகு மணிக்கட்டு ஒரு சின்னத் திருப்புத் திருப்பியது, 'வரட்டுமா' என்பது போல. போன் அடித்துக்கொண்டே இருக்க, அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.