பேர் வெட்டிய பாத்திரங்கள்

என் வீட்டுக்காரர் பிரான்சுவா நல்ல மனிதர். ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைக் கொடுக்கட்டும். ஆனால் அவரைப் பாத்திரக்கடைப் பக்கம் தனியாக அனுப்பியிருக்கக் கூடாது. அண்டா, தவலை, தாம்பாளம், தூக்கு என்று வாங்கிக்கொண்டே இருப்பார். வாங்கினதில் ‘ஜோவிதா பிரான்சுவா’ என்று என் பேரை வெட்டாமல் வாசற்படி ஏற்ற மாட்டார். டீ வடிகட்டியில்கூட இடம் தேடி வெட்டச் சொன்ன ஆள்! "காணாமப் போச்சுன்னா?" என்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாத்திரம் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

எல்லாம் பின்அறையில் கூரை தொட அடுக்கியிருந்தது. அந்த அறைக்கு ஒரு பூட்டு, பின்கதவுக்கு ஒன்று, முன்கதவுக்கு ஒன்று. கோயிலில் முட்டிபோட்டு ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று தொடங்குவேன். பின்கதவைப் பூட்டினேனா? ‘அருள் நிறைந்த மரியே வாழ்க.’ இழுத்துப் பார்த்தேனா? ஒரு ஜெபமாலையை முழுசாகச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டத்தோடு கிளம்பினேன். கடலூர் போனதும் பூட்டின ஞாபகமே வரவில்லை. பஸ் பிடித்து ஓடி வந்தேன். பூட்டு ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். எவர்சில்வருக்காக மாதாவைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவள் என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இந்த வருஷம் முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் நடப்பது.

வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் குருசுக்குப்பத்துக்கு மீன் கொண்டுவரும் தனக்கொடிக்கு ஒரு குண்டானைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பூர்ணிமாவுக்கு அடுக்கு டிபன் கேரியர். ஆட்டோ ஓட்டுகிற ராஜாங்கத்துக்குப் பெரிய தூக்கு. அப்பாடா என்று படுத்தேன்.

மறுநாள் காலையில் தனக்கொடி வந்து நின்றாள். கையில் என் குண்டான். உள்ளே நெத்திலிக் குழம்பு.

"என்னடி இது?"

"வெறும் பாத்திரத்த எப்பிடிக்கா திருப்பித் தர்றது?"

"உன்ன யாருடி திருப்பிக் கேட்டா? உனக்குத்தான் குடுத்தேன், வச்சிக்க!"

"ஐயோ, எனக்கு வேணாங்கா. உன் பேரு கொட்டை கொட்டையா வெட்டியிருக்கு. நாளைக்கு என் மாமியா வந்து பாத்தா, எங்கடி லவட்டுனன்னு கேக்கும்."

சாயங்காலத்துக்குள் டிபன் கேரியர் சர்க்கரைப் பொங்கலோடு வந்தது. தூக்கு முருங்கைக்காயோடு வந்தது. இந்த லட்சணத்தில் பூர்ணிமா தன் வீட்டு டப்பா ஒன்றில் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போனாள். அதை வேறு நான் எதையாவது போட்டுத் திருப்பித் தர வேண்டும்!

சரி, பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடலாம் என்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பேரை உரக்கப் படித்தார். "வீட்ல எதுனா கஷ்டமாக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து, மூட்டையோடு ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டார். ஊரில் எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் மனுஷி எப்படித்தான் பிழைப்பது?

நடைப்பயணத்துக்கு நாள் நெருங்கியது. எரிச்சலில் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதுதான் தனக்கொடி மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"அக்கா, என் தங்கச்சி மவளுக்கு வளைகாப்பு. உன் அண்டாவ எரவல் குடேன்."

"குடுத்தா வேணான்ன. இப்ப கேக்குற?"

"அது சும்மா குடுத்தது. இது எரவலாச்சே. உன் பேரு இருந்தா என்ன? எப்பத் திருப்பிக் குடுக்கணும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் கேக்குறப்பக் குடு. கேக்குறதுக்கு முன்னாடி கொண்டாந்த, தெரியும் சேதி!"

அவ்வளவுதான். ஜோவிதா அக்கா இரவல் தருகிறாள் என்று தெருவெல்லாம் பரவியது. தாம்பாளம் கேட்டு வந்தவளிடம் தவலையையும் சேர்த்துத் தலையில் கட்டினேன். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை: நான் கேட்கிற வரைக்கும். நான் கேட்கப்போவதில்லை என்று ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் ஒரு டவரா செட் மிஞ்சியது. கல்யாணமான புதிதில் பிரான்சுவா எனக்கு வாங்கித் தந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்துப் பூர்ணிமாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.

விடிந்ததும் மாதாவுக்கு நடக்கிறவர்கள் கட்டுகிற காவிப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனேன். கூட்டத்தை நடத்திப் போகிற மரிய அருண் என் தோள்பையை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆன்ட்டி, வேன்ல ஏத்த மூட்டை எங்க?"

"இதான்டா எல்லாம். நட."

அரியாங்குப்பம் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. எனக்கு என்னவோ குஷியாக இருந்தது. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, உதடு முணுமுணுக்க, சின்னப் பெண்களை முந்திக்கொண்டு நடந்தேன்.

கிருமாம்பாக்கம் வந்ததும் போன் அடித்தது. தனக்கொடி.

"அக்கா! என்னாக்கா நீ? முன்கதவு பப்பரப்பேன்னு தெறந்து கெடக்கு! பூட்டாமயே போயிட்டியே!"

கை தானாக நெஞ்சுக்குப் போனது. பழக்கதோஷம். போனில் ஒரே கூச்சல் கேட்டது.

"யாருடி அங்க கத்துறது?"

"தெருப் புள்ளைங்கதான். காலியா கெடக்குதுன்னு உள்ள பூந்து ஓடிப்புடிச்சி வெளையாடுதுங்க. தொரத்தி வுட்டுட்டு பூட்டட்டா?"

"வெயில்ல எங்கடி போவும், பாவம். ஃபேனப் போட்டு வுடு."

பக்கத்தில் நின்ற மரிய அருண் போன வருஷத்தை மறக்கவில்லை. "பஸ் ஸ்டாப்பு அதோ இருக்கு ஆன்ட்டி" என்றான், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"போடா கழுத!" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

பேச்சில் ஜெபத்தை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. எந்த மணியில் நிற்கிறேன் என்று விரலால் தடவிப் பார்த்தேன். விரல் சிலுவையில் வந்து நின்றிருந்தது; மணி ஒன்றும் மிச்சமில்லை. போன் வருவதற்கு முன்பே முழு ஜெபமாலையையும் சொல்லி முடித்திருந்தேன்.