அழித்தாலும் தெரியும் பென்சில்

“முழுசாக் கேளுங்க முதல்ல, நான் சொல்ல வர்றது...”

“கேட்டாச்சு. வேண்டாம்னும் சொல்லியாச்சு.”

“பாதிதான் கேட்டீங்க. எப்பவும் நீங்க பாதியிலயே...”

“பாதியிலயே வேண்டாம்னு தெரிஞ்சுட்டா, மீதியைக் கேட்டு நான் என்ன பண்றது? ஊறுகாயா போடுறது?”

மேனேஜர் மேடம் வந்து உட்காருவதற்குள் கூட்ட அறையில் சண்டை சூடு பிடித்துவிட்டது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே போகிறவர்கள் எல்லாம் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இது பழகிய காட்சி.

ஆபீசில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புதுசு என்பார்கள். ‘புதுசா ஒண்ணு தோணுச்சு’ என்று ஆரம்பிக்காமல் அவளுக்கு எந்த நாளும் விடிந்ததில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு பிரேக் என்று பெயர். அவள் செய்து கொடுப்பதை எல்லாம் உடைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதைத் தேடுகிற ஆள். ஆனால் அடுத்தவர் வேலையில் ஒரு குறை இருந்தால் அது மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிடும்.

அவர்களுடையது குடும்பங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான இணையதளம். வீட்டுக்கு ஒரு பொதுப் பக்கம் உண்டு. அதற்குள் ஒருவருக்கொருவர் தனியாக எழுதிக்கொள்ளவும் இடம் உண்டு. அந்தத் தனி இடத்தில்தான் புதுசு இந்த முறை கைவைத்திருந்தாள். நமக்கு ஒருவர் ஏதோ எழுதத் தொடங்கி, அனுப்பாமல் அழித்துவிட்டால், அவர் படத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப் பென்சில் தோன்றும். அன்று முழுக்க அங்கேயே இருக்கும். அவ்வளவுதான். என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. எங்கேயும் சேமிக்கப்படாது. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரரையே எடுத்துக்கோங்க. மாலையில வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்டா, எழுதி எழுதி அழிப்பார். பென்சில் வரும். அப்புறம் கடைசியில ‘சரி’ன்னு ஒத்தை வார்த்தை வரும். இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கிறார்னே எனக்குத் தெரியாது!”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சு கொஞ்சம் மரியாதை வந்திருக்கு.”

“எங்க வீட்டுல இருந்த மரியாதையும் போயிடுச்சும்மா” என்றார் பிரேக். “பொண்ணு பரீட்சையில கோட்டை விட்டா. கோபத்துல தாறுமாறா எழுதினேன். அப்புறம் நல்ல புத்தி வந்து அழிச்சேன். உடனே கேக்கறா, ‘அப்பா, என்னைப் பத்தி என்ன எழுதி அழிச்சீங்க?’ ஒண்ணுமில்லம்மாங்கறேன். நம்ப மாட்டேங்கறா. நான் திட்டியிருந்தா ஒரு வேளை அழுதிருப்பா. இப்போ வாரம் பூரா என் முகத்தையே பார்த்துட்டிருக்கா.”

“அதனால?”

“அதனால, அழிச்சது அழிச்சவனுக்குச் சொந்தம். அதுல போய் நீங்க மணி கட்டாதீங்க.”

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது வசதியும் ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் செய்தவர் வீட்டிலும் சோதிப்பவர் வீட்டிலும் புழங்க வேண்டும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். புதுசுவும் தன் குடும்பப் பக்கத்தில் விளக்கமாக எழுதிப்போட்டாள். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. அக்காவும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள். அவளிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

அக்கா பேசி வெகு காலமாயிற்று. அக்கா மகள் கல்யாணத்தன்று புதுசு மண்டபத்துப் பின்னறையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவளுடைய வேறொரு புது வசதி வெளியாகிற நாள். குடும்பப் படம் எடுக்கிறார்கள் வா என்று ஆள் மேல் ஆள் வந்தது. “இதோ வந்துட்டேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினாள். அவள் எழுந்து வந்தபோது போட்டோக்காரர் விளக்கை எல்லாம் மடக்கிக்கொண்டிருந்தார். அக்கா சத்தம் போடவில்லை. “உனக்குப் புதுசுதான் வேணும். நாங்கதான் பழசாயிட்டோமே” என்றாள். அதோடு சரி. அந்த வசதியையாவது யாராவது பயன்படுத்தினார்களா என்றால், சீந்த ஆளில்லாமல் அடுத்த மாதமே தூக்கிவிட்டார்கள்.

இப்படியிருக்க, இந்த வாரம் அக்கா படத்துக்குப் பக்கத்தில் பென்சில் வந்தது.

முதல் நாள் தற்செயல் என்று நினைத்தாள். கை தவறிப் பட்டிருக்கும். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். தையல் கடையில் கூட்டம் ஓய்ந்து அக்கா சாப்பிட உட்காருகிற மதிய நேரத்தில்தான் தினமும் வரும். என்னதான் எழுத வருகிறாள்? திட்டவா? திட்டுவதென்றால் அழிப்பானேன்? ஏதாவது உதவி வேண்டுமா? உடம்புக்கு முடியவில்லையா? புதுசுவுக்கு ஆபீஸ் வேலை ஓடவில்லை. தான் செய்த வசதியைத் தானே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று இந்தக் கூட்டத்தில் பென்சில் வேண்டாம் என்று முடிவானால், மாலைக்குள் அதை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அக்கா எழுதினாளா, நினைத்தாளா, ஒன்றும் தெரியாது. பழையபடி கல்லுச் சுவர்தான்.

“நீங்க இவ்வளவு மல்லுக்கட்டறது உங்க வீட்டுக்காரர் ‘சரி’ங்கறதுக்காக இல்ல” என்றார் பிரேக்.

“வேற எதுக்காம்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

அவள் பேனா மூடியைத் திறந்து மூடினாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை. அக்கா விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

பிரேக்கின் நெற்றியிலிருந்த கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

“நீங்க அவங்களுக்கு எழுதலையா?”

“நானா? எழுதினேன். சோதனைக்குத்தான். தினமும் காலையில வந்ததும் யாருக்காவது எழுதி அழிச்சு, எங்கேயும் சேமிப்பாகலைதானேன்னு பார்க்கணுமில்ல? அக்கா பேருக்கு எழுதி அழிச்சேன். அவதான் எதையும் திறந்து பார்க்க மாட்டாளேன்னு.”

“சோதனைக்குன்னா? ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதினீங்களா?”

“இல்ல.”

“வேற?”

“எதையோ எழுதினேன் சார். அன்னைக்குப் படத்துல நிக்காம போனதைப் பத்தி. அதான் அழிச்சாச்சே! அவளுக்கு எப்படித் தெரியும்? செய்யறவங்க எழுதி அழிச்சா பென்சில் வராதுன்னு நானே முதல்லயே ஒரு விலக்கு வச்சிருந்தேன்.”

“அந்த விலக்கை நான் எடுத்துட்டேனே.”

“என்னது?”

“முதல் நாளே எடுத்துட்டேன். ஊர்ல இருக்கறவங்க அழிச்சா பென்சில் வரும், நாம அழிச்சா வராதா? இது என்ன நியாயம்னு எழுதி உங்களுக்கு அனுப்பினேனே. நீங்களும் கட்டைவிரல் போட்டீங்க.”

“நான் படிக்கலை.”

“அது தெரியுது.”

புதுசுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. காலையில் ஆபீசுக்கு வந்ததும் அவள் அக்காவுக்கு எழுதி அழிப்பாள். மதியம் அக்காவின் பென்சில் வரும். இவள் பென்சிலை அக்கா கடையில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஏதோ எழுத வந்திருக்கிறாள். இவளோ, அக்கா என்ன எழுதினாளோ என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாளே தவிர, அக்காவும் அங்கே அதே குடைச்சலோடு உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அக்கா என்றைக்கும் அப்படித்தான். கதவைத் தட்டினால் உடனே திறக்க மாட்டாள். ஆனால் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள்.

“முதல்ல தட்டினது நான்தானா?” என்றாள், பாதி தனக்கே.

“ஆமா. தட்டிட்டு ஓடிப்போறதும் நீங்கதான். தினமும்.”

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் மேடம் உள்ளே வந்தார். கையில் காபி, காதில் யாரோ பேசிக்கொண்டிருக்கும் போன்.

“என்ன, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சு முடிச்சாச்சா? சொல்லுங்க, பென்சில் ஊருக்குப் போகுதா, குப்பைக்குப் போகுதா?”

பிரேக் புதுசுவைப் பார்த்தார். பேச வேண்டியது அவள் முறை. அரை மணி நேரம் பேசுவதற்கு அவளிடம் விஷயம் இருந்தது. படங்கள் இருந்தன. வீட்டுக்காரர் கதைகூட இருந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கே கிளம்பிட்டே? உன் வசதிம்மா இது! நீ இல்லாம எப்படி முடிவு பண்றது?”

“நீங்களே பண்ணிக்கோங்க மேடம்.”

“இப்போ வேண்டாம்னு சொன்னா அப்புறம் திரும்ப வராது. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“இவளுக்கு என்ன ஆச்சு?” என்று மேடம் பிரேக்கைக் கேட்டது அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிரேக் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

மாடிப்படியில் யாரும் இல்லை. ஜன்னல் விளிம்பில் யாரோ வைத்துவிட்டுப் போன செடி வாடிக்கிடந்தது. முதலில் பழக்கதோஷத்தில் எழுதத்தான் பக்கத்தைத் திறந்தாள். அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இன்றைய பென்சில் வந்திருந்தது. பார்த்ததும் எழுத வந்ததை விட்டுவிட்டு நம்பரைத் தட்டினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று கையைக் கீழே இறக்கும்போது, போனுக்குள் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் ஹலோ சொல்லவில்லை. மிஷின் மட்டும் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

புதுசு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, நான்தான். காலையில காலையில வந்து எழுதி அழிச்சது, அன்னைக்குப் படத்துக்கு வராம போனேனே, அது என் தப்புதான்னு. இப்போ வாயாலயே சொல்லிட்டேன். நீ தினமும் மத்தியானம் என்னக்கா எழுத வந்தே?”