பாலத்துக்கு அப்பால் லூக்கா

1933 மே 23, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. கண்டி மஹய்யாவத் தொழிலாளர் லயத்து முத்துலிங்கம் இத்தாலி நாட்டு லூக்கா நகரத்துக்கு நடந்து போய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தேன். அது புதன்கிழமை, 1930 நவம்பர் 12. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் மாலை ஆறரைக்குத் திரும்பிவிட்டார். நகரசபையில் அன்று வேலைக்கு வராதவர்களின் பட்டியலை இன்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். நகரத்தின் பெயரிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது, ஏனென்றால் அவருக்கு அதைச் சொல்லத் தெரியாது. அவரிடமிருந்த அஞ்சல் அட்டையை நான் படிக்கும் மாலை வகுப்பின் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி லூக்கா என்றார். மற்றவற்றையும் தெரிந்த அளவுக்கு வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முத்துலிங்கம் நகரசபையில் தெருவுக்குக் கல் பதிக்கிற ஆள். அவருடைய மனைவி சுப்பம்மா ஒரு தோட்டத்துத் துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். 1927 இல் அந்தக் குடும்பம் லீவில் சீமைக்குப் போனபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையும் கப்பலில் கூட்டிப்போனார்கள். ஆயாமாருக்குப் போகவும் வரவும் கப்பல் டிக்கட் கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். போவதற்கு மட்டும் கொடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்ததும் உண்டு. வழியில் இத்தாலியில் ஒரு குளிர்காலம் தங்கினார்கள். அங்கிருந்து ஓர் அட்டை வந்தது. முன்பக்கத்தில் உச்சியில் மரங்கள் முளைத்து நிற்கும் ஒரு கோபுரத்தின் படம். பின்பக்கத்தில் துரைசானியின் கையெழுத்தில், ஆயா சுகமாக இருக்கிறாள் என்று இரண்டு வரி. பிறகு ஒன்றும் வரவில்லை. 1929 இல் குடும்பம் தோட்டத்துக்குத் திரும்பியபோது குழந்தையைத் தூக்கி வந்தவள் வேறொருத்தி. முத்துலிங்கம் மலையேறிப் போய் பங்களாவின் பின்வாசலில் நின்றார். சுப்பம்மாவுக்குக் கடும் காய்ச்சல் கண்டதாகவும், கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகவும், கப்பலுக்கு நேரமாகிவிட்டதாகவும், அந்தக் காய்ச்சலில் யாரும் பிழைப்பதில்லை என்றும் சமையல்காரர் வந்து சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் ஆட்கள் தர்ப்பைப் புல்லில் ஆள் கட்டி எரிப்பார்கள். சடங்கு செய்யும் பண்டாரம் அழகமுத்து நாலடி எட்டங்குலத்தில் ஒரு சுப்பம்மாவைக் கட்டி, அவளுடைய சீலை ஒன்றைச் சுற்றி, மாவில்மடை ஆற்றங்கரையில் கொள்ளி வைக்கச் செய்தார். பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது. தை பிறந்ததும் சுப்பம்மாவின் தங்கை பாலம்மாவை முத்துலிங்கத்துக்குக் கட்டிவைத்தார்கள். அதுவும் வழக்கந்தான். பாலம்மாவுக்கு அக்காவைத் தவிர இரத்த உறவு யாருமில்லை. ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் அவரிடம் கேட்டேன். அதை நான் கேட்டிருக்கக் கூடாது.

முதல் வருடத் திவசத்துக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மறுகரைப் படித்துறையில் பண்டாரம் காத்திருப்பதாக ஏற்பாடு. பாலம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் முத்துலிங்கம் தனியாகவே எள்ளும் அரிசிமாவும் வாழையிலையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு தூறலில் நடந்தார். பாலத்தின் நடுவில் பனி மூட்டமாக இருந்தது. மறுகரையில் கால் வைத்தபோது கடைவீதி இல்லை, மாத்தளைக்குப் போகும் பாதையும் இல்லை. இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு வீதி போனது. பண்டாரத்துக்கு நேரமாகிறதே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியதாம். ஒரு மைல் நடந்ததும் தேயிலை ஃபாக்டரி உயரத்துக்கு ஒரு செங்கல் மதில் ஊரையே வளைத்து நின்றது. மதிலின் மேல் மரங்கள் வரிசையாக இருந்தன, அவற்றின் கீழ் ஆட்கள் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு காவற்காரர்கள் பையைத் திறந்து எள்ளை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

ஊரை அவர் முதலில் காலால்தான் பார்த்தார். தெரு முழுக்கச் சாம்பல் நிறப் பலகைக் கல், ஒன்றோடொன்று விரல் நுழையாத நெருக்கத்தில் சாய்வாகப் பதித்திருந்தது. தண்ணீர் ஓட நடுவில் மட்டும் சிறிய சரிவு. பதித்தவன் அவசரப்படாதவன் என்று நினைத்துக்கொண்டார். வெறுங்காலுக்கு அந்தக் கல் பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஒரு கோயிலின் முகப்பில் பளிங்குத் தூண்கள் நின்றன. ஒன்று முறுக்கியிருந்தது, ஒன்றில் கோடுகள், ஒன்று கயிற்றைப் போல முடிச்சுப் போட்டிருந்தது. கொத்தியவனுக்குக் கடைசிவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை போலும் என்றார். அடுத்து ஒரு சந்தை. சுற்றியிருந்த வீடுகள் நேராக நிற்காமல், சேவல் சண்டை பார்க்கிற கூட்டம் மாதிரி முட்டை வடிவத்தில் வளைந்து நின்றன. நடுவில் முட்டைக்கோவாவும் காளானும் விற்றார்கள். கொட்டை வறுத்த ஒரு கிழவி அவர் காலைப் பார்த்து ஏதோ திட்டி, ஆறு கொட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள். கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்கள் கடக்கும்வரை சந்தையில் யாரும் பேசவில்லை. அவரும் சுவரோரமாக ஒதுங்கினார்.

பதினொரு மணியளவில் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கோபுரம் தெரிந்தது. உச்சியில் ஏழு மரங்கள். அப்போதுதான் தாம் எங்கே வந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. சுப்பம்மா இந்த ஊரில்தான் செத்திருக்க வேண்டும். எலும்போ சாம்பலோ ஏதாவது இருந்தால் கொண்டுபோய் ஆற்றில் விடலாம் என்று தேட ஆரம்பித்தார். கல் பதிப்பவர்களின் முறைப்படி, கோபுரத்திலிருந்து ஒரு தெருவில் போவது, முடிவில் திரும்பிக் கோபுரத்துக்கே வருவது, பிறகு அடுத்த தெரு. பார்த்து முடித்த தெருவின் முனையில் ஒரு சிட்டிகை எள். ஆனால் எள்ளைப் புறாக்கள் தின்றுவிட்டன. ஒரே தெருவில் மூன்று முறை போய் வந்தார். புறா தின்றதைப் பார்த்து, காகத்துக்குப் பதில் இந்த ஊரில் இதுதான் போலிருக்கிறது, திவசத்தை அவள் ஏற்றுக்கொண்டாள் என்று கும்பிட்டாராம். இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஒரு கால்வாய் ஓரமாகப் போனார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் முழங்காலிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் துணியைக் கல்லில் தேய்ப்பார்கள், அடிப்பதில்லை. ஒரு இடத்தில் மட்டும் அடிக்கிற சத்தம் கேட்டது, இரண்டு அடி, ஒரு அலசல், மறுபடி இரண்டு அடி. லயத்துப் பெண்கள் துவைக்கும் மஹய்யாவப் பீலிக்கரையில் எட்டு வருடம் கேட்ட சத்தம். கறுப்புச் சால்வையும் காலுக்குக் கம்பளி மேசும் போட்டு, காய்ச்சலில் வெட்டிய முடி தோள்வரை வளர்ந்திருக்க, சுப்பம்மா தலை நிமிர்ந்தாள்.

“இந்தக் குளிருல கால்ல ஒன்னும் போடாமலா வந்தீங்க?” என்றாள்.

அவள் பிழைத்து அந்தக் கன்னியாஸ்திரீகளிடமே சலவைக்காரியாக இருந்தாள். கப்பலுக்கு வழியில்லை, தமிழில் கடிதம் எழுத அந்த ஊரில் ஆளில்லை. மீதி விரிப்புகளை முடித்துக் கொடுக்காமல் எழுந்து வர முடியாது என்றாள். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள இருவருமாக முறுக்கிப் பிழிந்தார்கள். பிழிந்தபடியே அவள் பாலம்மாவைக் கேட்டாள். அவர் சுகம் என்றார். பிறகு மற்றதையும் சொன்னார். விரிப்பில் சொட்டு நீர் இல்லாமல் போன பிறகும் அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“எரிச்சாச்சா?”

“ஆச்சு.”

“கருமாதியும்?”

“அதுவும்.”

“இன்னுங் கொஞ்ச நாளு பொறுத்துப் பாத்திருக்கலாம்” என்று சொல்லி விரிப்பை மடித்தாள்.

வீட்டுக்குப் போவோம், மூன்று பேரும் எப்படியாவது இருந்துகொள்ளலாம் என்று அவர் கெஞ்சினார். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தாள். மதிலைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, இருட்டுவதற்குள் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். பாலத்தின் சரிபாதியில் சுப்பம்மா நின்றுவிட்டாள். நின்றாள் என்பது சரியல்ல, நடந்துகொண்டுதான் இருந்தாள். காலை எடுத்து வைத்தாள், ஆனால் இடம் நகரவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தார், தூக்கிப் பார்த்தார், பின்னாலிருந்து தள்ளினார். மணிக்கூண்டு இரண்டு தடவை அடிக்கிற நேரம் போராடியதாகச் சொன்னார். இதை நான் சரிபார்க்க முடியவில்லை. கடைசியில் அவள்தான், பாலம்மா தேடுவாள், போங்க என்றாள். அவர் இரண்டடி கண்டிப் பக்கம் வந்து திரும்பினார். அவள் அங்கேயே இருந்தாள், அவளுக்குப் பின்னால் கட்டுகஸ்தோட்டைக் கடைகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். படித்துறையில் பகல்வரை காத்திருந்த பண்டாரம் பசி தாங்காமல் எப்போதோ போயிருந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும், சலவை இல்லாத நாளாகையால், சுப்பம்மா பாலத்தின் பாதிவரை வந்து நின்றாள். முத்துலிங்கம் சோறும் கருவாடும் கொண்டுபோனார், அவள் வறுத்த கொட்டை கொண்டுவந்தாள். பொருட்கள் தடையில்லாமல் கைமாறின. அவர் பாதியைத் தாண்டி நடந்தால் கட்டுகஸ்தோட்டைக்குத்தான் போய்ச் சேர்ந்தார், லூக்காவுக்கு இல்லை. பஸ்காரர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கப் பழகிக்கொண்டார்கள். பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தாஸிம் நானா, பெஞ்சாதியைப் பார்க்கப் பாலத்துக்கு வார ஒரே ஆள் நீங்கதான் முத்துலிங்கம், எங்களுக்கெல்லாம் அவங்க ஊட்டுக்குள்ளேயே நிக்கிறாங்க, தப்பி ஓட எடமில்ல என்று பகிடி பண்ணுவார். சுப்பம்மாவுக்கு என்று ஒரு கோப்பை தேத்தண்ணியும் கொடுத்தனுப்புவார். இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. அவளுக்கு இருமல் பிடித்தது. ஒரு ஞாயிறு சால்வையில் இரத்தம் இருந்தது.

முத்துலிங்கமும் பாலம்மாவும் அழகமுத்துப் பண்டாரத்தைப் போய்க் கேட்டார்கள். செய்த கருமாதியைத் திருப்ப மந்திரம் கிடையாது என்றார். இந்தப் பக்கத்தில் அந்தப் பிறப்பு முடிந்துவிட்டது. ஆனால் மறுபடி பிறந்து வருவதை யாரும் தடுக்க முடியாது. இரத்த உறவுள்ள, கல்யாணமான ஒரு பெண் அவளைப் பெறுவதாகச் சடங்கு செய்தால், உள்ளே வரலாம். அப்படிப் பெறக்கூடிய ஆள் உலகத்தில் பாலம்மா ஒருத்திதான். பாலம்மாவின் புருஷன் முத்துலிங்கம். அப்படியென்றால் பிறக்கிற பிள்ளைக்கு அவர்தான் தகப்பன். இதைப் பண்டாரம் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார்.

“அக்காவ நான் பெத்துக்கிறேன்” என்று பாலம்மா உடனே சொல்லிவிட்டாள். முத்துலிங்கம்தான் நாலு மாதம் பிடிவாதமாக இருந்தார். வேறு பண்டாரங்களைக் கேட்டார், கெலிஓயாவில் ஒரு குருக்களைக் கேட்டார். எல்லோரும் அதையே சொன்னார்கள். முடிவைச் சுப்பம்மாதான் எடுத்தாள்.

“இந்தக் குளிரு எனக்குத் தாங்கல. மகளாவே வந்துர்றேன்” என்றாள்.

1932 செப்டெம்பரில் ஒரு ஞாயிறு காலை, பாலத்தின் நடுவில் பாலம்மா காலை அகட்டி நின்று சீலையை விரித்துப் பிடித்தாள். சுப்பம்மா மறுபக்கத்திலிருந்து தவழ்ந்து அதற்குள் நுழைந்து இந்தப் பக்கம் வந்தாள். பண்டாரம் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நாக்கில் தேன் தடவி, காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். அவள் அழுதாள். பிறந்த பிள்ளை அழத்தானே வேண்டும் என்று யாரும் சமாதானப்படுத்தவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் இருபது நிமிடம் நின்றன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. பிறப்புப் பதிவுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். முப்பத்தொரு வருடத் தாமதம் என்று ஒரு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

அன்றிரவிலிருந்து முத்துலிங்கம் லயத்துக்கு வெளியே, ஒட்டுத் தாழ்வாரத்தில் படுக்கிறார். இருமல் மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. பாலம்மா சுப்பம்மாவை மகள் என்றும், கோபம் வந்தால் அக்கா என்றும் கூப்பிடுகிறாள். சுப்பம்மா அவரை முதன்முதலில் அப்பா என்று கூப்பிட்டபோது அவர் கையில் இருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். இப்போது போவதில்லை.

கெலிஓயாவில் தையல் கடை வைத்திருக்கும் ராஜரத்தினம் போன மாதம் பெண் கேட்டு வந்தார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் பாலத்தில் பார்த்திருக்கிறாராம். குணமான ஆள், குடி இல்லை. முத்துலிங்கம் பதில் சொல்லாமல் ஒன்பது நாள் இழுத்தடித்தார். அந்த நாட்களில் அவர் பதித்த கல் எதுவும் சம மட்டமாக இல்லை என்று கங்காணி பெயர்க்கச் சொன்னார். பத்தாம் நாள் சுப்பம்மாவிடமே கேட்டார், உனக்குச் சம்மதமா என்று. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா வீட்டுல எத்தனை நாளைக்குத்தான் இருக்கிறது?” என்றாள்.

கல்யாணம் ஆனி மாதம். ராஜரத்தினம் மணவறையைச் சுற்றிக் கட்டும் சீலைக்கு அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார். முத்துலிங்கம் இன்று மாலை என்னிடம் வந்து, தம்பி, நீங்கதான் எழுத்து படிச்சவரு, பத்திரிகைய நீங்களே எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளை புதன். காலையில் அழைப்பிதழ் வாசகத்தைப் பிழையில்லாமல் எழுதி, மூலைகளில் மஞ்சள் தடவ வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் என்ற இடத்தில் முத்துலிங்கம், பாலம்மா என்று போட வேண்டும். அச்சகத்தில் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.