குமிழி பார்க்கிற வேலை

மனைவி படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்ததும் அவன் செய்த முதல் காரியம், முன்பக்கம் கிடந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததுதான். காலையில் அவள் சுற்றுலா வந்தவர்களுக்குக் காலில் மாட்டும் ஃபின் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஒளித்துவைத்த காற்றுச் சிலிண்டரும் மிதவை ஜாக்கெட்டும் மாஸ்க்கும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆளில்லாத கடலில் யாருக்குப் பயந்தானோ, மறுபடி இழுத்து மூடினான்.

தீவைச் சுற்றி இறங்கிப் பார்க்கிற இடங்கள் அத்தனையும் அவனுக்கு வீட்டு அறைகள் மாதிரி. ஆமைகள் மேயும் கடல்புல் வெளி, உடைந்த கப்பல், மிதந்தபடியே மீன் பார்க்கலாம் என்கிற ஆழமில்லாத பவளத்திட்டு. எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது இந்தச் சுவர். பாறை செங்குத்தாக இறங்கி, அடி தெரியாத நீலத்தில் மறைகிற இடம். போன வருஷம் இங்கேதான், பதறியடித்துக்கொண்டு மேலே போன ஒரு பயணியைப் பிடிக்க அவனும் அதே வேகத்தில் ஏறிவந்தான். அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. இவனுக்கு ரத்தத்தில் காற்று குமிழிட்டு இடது கால் செத்துப்போனது. "இன்னொரு தடவை ஆழத்துக்குப் போனீங்கன்னா காலோட நிக்காது," என்றார் டாக்டர். கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது, தொழில் திரும்பவில்லை. "மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேக்குறவங்ககிட்ட, மூழ்குறார்னு எப்படிச் சொல்லுவேன்?" என்று கல்யாணத்தின்போது அங்கலாய்த்த மாமியார், இப்போது மகள் மூழ்குவதை ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிகிறாள்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவன்தான். இன்றைக்கு வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதில் அவனுக்குச் சந்தோஷம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். பாதி நிஜம்.

"குட்டி போட்ட பூனை மாதிரி அலையாம ஒரு இடத்துல உக்காருங்க," என்று இறங்கும் முன் சொல்லியிருந்தாள். "குமிழியைப் பாருங்க. அது போதும்."

போதுமாம். பவளத்தின்மேல் நங்கூரம் போட முடியாது. நீரோட்டம் கீழே இருப்பவர்களை இழுத்துப்போகிற திசையில், குமிழிகளைப் பார்த்தபடி படகை மெல்லக் கொண்டுபோக வேண்டும். விட்டுவிட்டால் அவர்கள் நடுக்கடலில் படகில்லாமல் எழுவார்கள். அவளோடு இறங்கிய தடித்த பெரியவருடைய மூச்சு உலை கொதிப்பதுபோல் வந்தது. அவர் மகளுடையது விட்டு விட்டு வந்தது. மனைவியுடையது அளவாக, நிதானமாக. வீட்டிலும் அவன் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்றுதான் பேசுவாள்.

திடீரென்று மூன்றும் நின்றன.

அவன் எழுந்து நின்றான். நீலம் வழவழவென்று கிடந்தது. கீழே குடைபோல் நீண்ட பாறை ஒன்று உண்டு. அதனடியில் விடுகிற மூச்சு கூரையிலேயே தங்கிவிடும் என்று அவளுக்குச் சொன்னதே அவன்தான். புது ஆட்களை அங்கே கூட்டிப்போகாதே என்று சொன்னதும் அவன்தான். தெரிந்தும் பயந்தான். அவன் பயந்தது பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது. இறங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதை நினைக்க அவனுக்கே கூசியது. கூசியபடியே எஞ்சினை நிறுத்தினான், தார்ப்பாயை உதறினான், சிலிண்டரை முதுகில் ஏற்றினான். படகின் கயிற்று நுனியை இடது கையில் சுற்றிக்கொண்டான். கயிறு கையில் இருக்கும்வரை படகை விட்டதாக ஆகாது என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு, குதித்தான்.

தண்ணீர் காதை மூடியதும் ஒரு வருஷத்து இரைச்சல் அடங்கியது. அழுகை வந்தது. காற்றடைத்த ஜாக்கெட் அவனை மேலேயே தாங்கியது. ஜாக்கெட்டின் குழாயைத் தூக்கிப் பித்தானை அழுத்தினால் காற்று போகும், இறங்கிவிடலாம். தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தான்.

அப்பாவும் மகளும் குடைப்பாறைக்கு அடியில், திறந்த பக்கத்து வாசலோரமாக மிதந்து, டார்ச் அடித்து எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. அவள் வாசலுக்கு வந்து நின்று இருவர்மேலும் கண் வைத்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள்.

நிழல் விழுந்ததோ என்னவோ, அவள் நிமிர்ந்தாள். மாஸ்க்கோடு மட்டும் மிதந்திருந்தால், வெயில் தாங்காமல் குதித்தான் என்று விட்டிருப்பாள். முதுகில் சிலிண்டர் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து அவனை நோக்கிக் காட்டினாள். சரியாக இருக்கிறாயா என்று அர்த்தம். சரியாக இருந்தால் அதே வளையத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆபத்து, கேட்டவர் ஓடிவந்தாக வேண்டும். அவ்வளவு ஆழத்திலிருந்து ஓடிவந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தீவிலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

இடது கையைக் கயிறு இழுத்தது. வளையம் காட்ட மிச்சமிருந்த வலது கையின் கட்டைவிரல் பித்தானின் மேல் இருந்தது. எடு, எடு என்று தன் விரலிடமே கெஞ்சினான்.

கீழே அவளுடைய ஃபின்கள் ஒருமுறை அடித்தன. தலை பாறையை விட்டு மேலே எழுந்தது. விரல் வளையத்தை அவள் கலைக்கவேயில்லை.