புறங்கைப் பழக்கம்

அப்பா மாமாவிடம் பேசி நான்கு நாட்களும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. மாமா என்றால் உறவில்லை. இருபத்தாறு வருடங்களாக அப்பாவுடன் சேர்ந்து வயரிங் வேலை செய்பவர். ஒருவர் ஏறினால் மற்றவர் ஏணியைப் பிடித்துக்கொள்வார். இந்த நான்கு நாட்களாக அப்பா ஏணியைச் சுவரில் சாத்திவிட்டுத் தனியாகவே ஏறிக்கொண்டிருந்தார்.

காரணம் ஒரு விளம்பரம். சரியாகச் சொன்னால், இரண்டு.

முதலாவது ஒரு செல்போன் கம்பெனியுடையது. படப்பிடிப்பில் விளக்குகளுக்கு இணைப்புக் கொடுக்கப் போன அப்பாவை, நடிக்க வேண்டியவர் வராததால், நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். முப்பது நொடி. மணி அடிக்கிறது. அப்பா போனை எடுக்கிறார். தூரத்தில் இருக்கும் மகள். அப்பாவின் கண் கலங்குகிறது. "நீ பேசினா போதும்மா" என்கிறார். பின்னால் வயலின்.

இரண்டாவது, அதைக் கிண்டல் செய்து யாரோ எடுத்த வீடியோ. அதே மாதிரி நாற்காலி, அதே வயலின். ஒட்டு மீசை வைத்த ஒருவன் போனை எடுத்து, "ம்" என்கிறான். "சாப்டியா? ம். அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். வயலின் பாதியில் நின்றுவிடுகிறது. விளம்பரத்தைவிட இதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள்.

அப்பாவும் முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை முகம் மாறியது. சார்ஜில் கிடக்கும் போனை எடுப்பதற்கு முன், அந்த ஒட்டு மீசைக்காரன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறான். எலக்ட்ரீஷியன்களின் பழக்கம் அது. உள்ளங்கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும்போது கை இறுகிக்கொள்ளும்; புறங்கை என்றால் விலகிவிடும். அப்பா பிரிட்ஜ் கதவைக்கூட அப்படித்தான் தொடுவார்.

"இது அவன் வேலைதான்" என்றார் அப்பா. "கூடவே இருந்து குழி பறிச்சிட்டான்."

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் நான் வாயில்லாப் பூச்சி.

எழுதியது நான். பால் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்பவன் நடித்தான். புறங்கையையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன், எல்லா அப்பாக்களும் போனை அப்படித்தான் எடுப்பார்கள் என்ற நினைப்பில். நான்கு நாட்களாகச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று மத்தியானம் மாமாவே வந்தார். "ஹீரோ இருக்காரா அண்ணி?"

"முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஏணி போட்டுத்தான் இறக்கணும்" என்றாள் அம்மா.

மாமா அப்பாவின் எதிரே உட்கார்ந்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"இங்க பாருடா. என் போன்ல ஒரு நம்பர் சேர்க்கணும்னாலே உன் பொண்ணுதான் வரணும். நானாவது, வீடியோ எடுக்கறதாவது!"

"அப்ப அந்தப் புறங்கை?"

"உலகத்துல நீ ஒருத்தன்தான் எலக்ட்ரீஷியனா?"

அப்பா என்னைக் கூப்பிட்டார். "ரெண்டையும் போடும்மா. ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு. எதுல இருக்கறது நான்னு நீயே சொல்லு."

இரண்டு மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது என் தொழில். தவறியதில்லை. இன்று முதலில் வேறு எதையோ தட்டிவிட்டேன்.

பார்த்தோம். "அம்மாகிட்ட குடுக்கறேன்" வந்ததும் மாமா சிரிப்பை அடக்கி இருமினார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பாவே சொன்னார். "ரெண்டாவதுதான் நான். அதான் கோபம். பொண்ணுகிட்ட பேசத் தெரியாதவன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப மொத விளம்பரத்துல அழுதியே? கண்ணுக்கு மருந்து போட்டாங்களா?" என்றார் மாமா.

"மருந்தெல்லாம் இல்ல. அது செத்த போன். அந்தப் பக்கம் யாரும் பேசல. யாரையாவது நெனச்சுக்கோங்கன்னு டைரக்டர் சொன்னார்." என் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "இவ ஹாஸ்டல்ல இருந்தப்ப ஞாயித்துக்கிழமை பேசுவா. நான் 'ம்'னு சொல்லி அவங்கம்மாகிட்ட குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். அதை நெனச்சேன்."

மாமா எழுந்தார். "சரி, நான் வரேன்" என்று செருப்பைத் தேடினார். அப்பா தடுக்கவில்லை.

"மாமா, இருங்க" என்றேன். இருவரும் திரும்பினார்கள்.

"அப்பா, அந்த ரெண்டாவதை எழுதினது நான்."