முறைக்கவில்லை

பல் மருத்துவமனை நாற்காலியின் இடப்பக்கத்தில் பதினோரு வருஷம் நின்றவள் அவள். நர்ஸிங் படித்ததில்லை. ஆனாலும் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது வேலையில் பாதி. மறுபாதி எந்தக் காகிதத்திலும் எழுதப்படாதது. வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பவருக்குப் பேச வாய் இல்லை. முகக்கவசம் கட்டியவளுக்குச் சிரிக்க வாய் இல்லை. இருவருக்கும் மிஞ்சுவது கண்கள் மட்டும்தான். ‘இதோ முடியப் போகுது’ என்று அவள் கண்ணால் சொன்னால் கைப்பிடியை இறுக்கிய விரல்கள் தளர்ந்துவிடும். ‘வலிக்குது’ என்று அந்தப் பக்கத்துக் கண் சொன்னால் அவள் டாக்டரை ஒரு பார்வை பார்ப்பாள். டாக்டர் உடனே கையை எடுத்துவிடுவார்.

“என் ஊசியில பாதி மருந்துதான் இருக்கு. மீதி சிஸ்டர் கண்ணுல” என்று டாக்டர் வாய் ஓயாமல் சொல்வார்.

முதலில் உடம்பு இளைத்தது. கை நடுங்கியது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு என்றார்கள். மாத்திரையில் படபடப்பு அடங்கியது. கண்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேல் இமைகள் ஏறிக்கொண்டே போயின, விழிகள் முன்னால் தள்ளின. கருவிழிக்கு மேலே, முன்பு இல்லாத இடத்தில், வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“பின்னே ஏன் இப்படி முறைக்கிற?”

“முறைக்கலைங்க. சும்மாதான் பார்த்தேன்.”

உறவுக்காரர் வீடுகளில் அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், “சரி, நேரமாச்சு” என்று அவன் எழுந்துவிடுவான். கல்யாணம் ஆன புதிதிலிருந்தே அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு அது. இப்போது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலும் எழுந்து நின்றான். நாத்தனார் வீட்டில், தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாலையில் இரண்டு தடவை. நாத்தனார் முகம் தொங்கிப்போனது. வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்து அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு வாயோடு நின்றிருந்தது. அவன் சிரிப்பும் சட்டென்று அணைந்தது.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், அளவுகோல் வைத்து அளந்தார்.

“இது கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் ஆட்டம் காட்டும். தானா அடங்கணும். அடங்கி ஒரு ஆறு மாசம் அசையாம இருந்தா, அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்.”

“எப்ப டாக்டர் அடங்கும்?”

“ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். நம்ம கையில இல்லம்மா.”

காயாமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்தார். தூங்கும்போது இமை முழுக்க மூடாது என்பதால் ஒட்டிக்கொள்ள நாடாவும் கொடுத்தார். முறைக்காமல் இருக்க என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்கு மருந்து ஏது?

வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வழக்கமாக வருகிறவர்கள்கூட நாற்காலியில் சாய்ந்ததும் விளக்கைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருநாள் நின்று பார்த்தாள். வாய்க்குள் எது ஈறு, எது பஞ்சு என்றே தெரியவில்லை. போதாததற்கு ஒரு வாத்தியார், “என்ன சிஸ்டர், ரவுடி மாதிரி நிக்கறீங்க, பல்லைப் பிடுங்கறதோட நிறுத்திக்குவீங்கள்ல?” என்று கேட்டுவைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண்ணாடி அன்றோடு கைப்பைக்குள் போனது.

லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தது அடுத்த வாரம். ஆள் மலை மாதிரி இருந்தார். ஊசி என்றதும் குழந்தையாகிவிட்டார். கடைவாய்ப் பல்லில் டாக்டர் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநரின் விழிகள் அங்குமிங்கும் அலைந்து அவளிடம் வந்து நின்றன. பதினோரு வருஷப் பழக்கத்தில் அவள் குனிந்து, ‘பயப்படாதீங்க, முடிஞ்சாச்சு’ என்று பார்த்தாள்.

அவர் கண்டது வேறு. தன் வாய்க்குள் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, அதைப் பார்த்து இந்த அம்மா அரண்டுபோய் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார். திடுக்கிட்டு எழுந்தார். டாக்டர் கையை இழுப்பதற்குள் சுழன்றுகொண்டிருந்த முனை கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்தது. தட்டு உருண்டது. அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

மூன்று தையல். வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டே ஓட்டுநர் குழறினார்: “அந்தம்மா பார்த்த பார்வையில உயிரே போயிடுச்சு டாக்டர்... என்னமோ ஆயிப்போச்சுன்னு...”

“நான் தைரியம்தாங்க சொன்னேன்” என்றாள் அவள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“கொஞ்ச நாளைக்கு உள் ரூம்ல இருங்க சிஸ்டர். கருவி கழுவறது, நீராவியில வைக்கறது... சம்பளம் அதேதான். கண்ணு சரியானதும் பழையபடி...”

“நான் வேணும்னு பண்ணலை டாக்டர்.”

“ஐயோ, எனக்குத் தெரியாதா?” என்றார். சொல்லும்போது அவரும் காகிதங்களைத்தான் பார்த்தார்.

உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. கழுவு தொட்டி, நீராவிப் பெட்டி, ஒரு ஸ்டூல். கொக்கிகளையும் இடுக்கிகளையும் தேய்த்து, துடைத்து, உறையில் போட்டு ஒட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவது கேட்கும். அவளையறியாமல் இரண்டடி எடுத்துவைப்பாள். பிறகு நின்றுவிடுவாள்.

எட்டு மாதம் கழித்து அவள் அம்மா ஊரிலிருந்து வந்தாள். மகன் வீட்டோடு இருப்பவள். முட்டிவலியால் நெடுநாளாகப் பயணம் போகாதவள். “கண்ணு கொஞ்சம் வீங்கியிருக்கும்மா” என்று மட்டும்தான் மகள் போனில் சொல்லியிருந்தாள். பிறந்தபோது அவளைக் கையில் வாங்கியவர்கள் எல்லாரும் ‘அப்படியே ஆத்தா கண்ணு’ என்றார்களாம். அம்மாவுக்கு அதில் அலாதிப் பெருமை. மூக்கும் நிறமும் அப்பாவுக்குப் போனாலும் கண் என்னுடையது என்பாள்.

பேருந்து நிலையத்தில் அம்மா பையோடு இறங்கினாள். நேராக அவளை நோக்கி நடந்து வந்தாள். அவள் கையை நீட்டினாள். அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்து, ‘யாரிது இப்படி வெறிக்கிறது’ என்பதுபோல் ஒதுங்கி, கடந்து போய்விட்டாள்.

“அம்மா!”

குரல் கேட்டுத்தான் திரும்பினாள். பை கீழே விழுந்தது. “ஐயோ, என் தங்கமே, இதென்னடி கோலம்!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டால் முகம் பார்க்க வேண்டியதில்லை.

நான்கு நாள் இருந்தாள். துணி மடித்தபடி பேசினாள், காய் நறுக்கியபடி பேசினாள், தலை வாரிவிடுகிறேன் என்று பின்னால் உட்கார்ந்து பேசினாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் ஞாபகப்படுத்தினாள். போட்டுவிடும்போது மட்டும் மருமகனைக் கூப்பிட்டாள். ‘என்னைப் பாரும்மா’ என்று கேட்க மகளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டு, அம்மா பார்த்து, முகம் சுருங்கிவிட்டால்? கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பகல் வண்டியில் அம்மாவை ஏற்றிவிட்டாள். ஜன்னலோர இருக்கை. கீழே நின்றபடி அவள் மனத்தில் இருந்த அத்தனையையும் கண்ணில் கொண்டுவந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஓரக்கண்ணால் கண்டாள்.

“எம்மேல ஏதாச்சும் கோவமாடி?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

“இல்ல... நீ பார்க்கறது...”

“போயிட்டுப் போன் பண்ணும்மா.”

வண்டி நகர்ந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. காய்ந்த கண் இப்படித் தானாகவும் வழியும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்ததால், எதற்கு வழிகிறது என்று அவளுக்கே நிச்சயமில்லை. பக்கத்தில் நின்ற ஆள், தன்னைத்தான் முறைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, வாயிலிருந்த சிகரெட்டை அவசரமாகக் கீழே போட்டு மிதித்தார்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரமாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.